மாநிலம் கேட்காத வாக்கு: தொலைக்காட்சி விருதுகளும் எல்லைத் தமிழரும்

கேரளத்தின் இடுக்கி மாவட்டம், தேவிகுளம் வட்டத்தில் இருக்கிறது மறையூர். அஞ்சுநாட்டு ஊர்களில் ஒன்று. சந்தனக் காடு, வெல்லம், முனியறைகள் எனப்படும் கற்திட்டைகள் ஆகியவற்றால் அறியப்பட்டது. அப்பகுதியின் பாம்பாறு கிழக்கே ஓடி அமராவதியில் கலந்து காவிரிக்குப் போகிறது. சின்னாறு வழியாக இறங்கும் சாலை உடுமலைப்பேட்டைக்குப் போகிறது. அங்கு வாழும் மக்களில் பெரும்பகுதியினரின் பேச்சும் கிழக்கையே நோக்கியது. ஆட்சி மட்டும் மேற்கே இருக்கிறது. 1955இல் மாநில மறுசீரமைப்பு ஆணையம் தேவிகுளத்தையும் பீர்மேட்டையும் கேரளத்துக்கே பரிந்துரைத்தது. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரிப் பகுதியின் நான்கு வட்டங்களும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன, தேவிகுளம் இணையவில்லை. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசோடு தம் மொழியில் கடிதத் தொடர்பு கொள்ள இடமளித்தது. ஆனால் கடிதம் எழுதும் உரிமையும் பண்பாட்டில் தீர்ப்புச் சொல்லும் உரிமையும் வேறு வேறு.

இந்த வேறுபாடு துலக்கமாகத் தெரியும் இடங்களில் ஒன்று தொலைக்காட்சி விருது. கேரள மாநிலத் தொலைக்காட்சி விருதுகளை அந்த அரசின் சலச்சித்ர அகாடமி வழங்குகிறது. அவை மலையாளத் தொலைக்காட்சியை நோக்கியவை. முடிவு நடுவர் குழுவுடையது. தமிழ்நாடு அரசின் சின்னத்திரை விருதுகளும் குழு தெரிவு செய்பவையே. அவற்றின் வரலாறு நீண்ட இடைவெளிகளால் ஆனது. 2009 முதல் 2013 வரையிலான ஆண்டுகளுக்குரிய சின்னத்திரை விருதுகள் 2017 ஜூலையில் அறிவிக்கப்பட்டன. 2022 செப்டம்பரில்தான் சென்னையில் வழங்கப்பட்டன. மறையூரில் தமிழ்த் தொடர் பார்க்கும் ஒருவருக்கு முதல் விருதில் மொழி அந்நியம். இரண்டாவதில் அரசு அந்நியம். பார்ப்பவரின் கருத்தை இரண்டுமே கேட்பதில்லை.

அவரைக் கேட்டது ரசிகர் வாக்கு ஒன்றுதான். அது மொழியைப் பார்த்தது, மாநிலத்தைப் பார்க்கவில்லை. தென்னாசியாவில் ரசிகர் வாக்கின் வரலாற்றை எழுதும்போது இந்தக் கோணம் பெரும்பாலும் விடுபடுகிறது. வணிக உத்தி என்றோ மலிவான கேளிக்கை என்றோ அதைக் கடந்துபோவது எளிது. ஆனால் எல்லையோரத்தாருக்கும் புலம்பெயர்ந்தோருக்கும் அது தந்த இடத்தை வேறு எந்த விருதும் தரவில்லை. அந்த இடத்துக்கு அவர்கள் கொடுத்த விலையையும் சேர்த்தே அதன் வரலாற்றை எழுத வேண்டும்.

தொலைக்காட்சிக்கு முன்பே இந்த வழக்கம் தொடங்கிவிட்டது. 1952 டிசம்பரில் இலங்கை வானொலியில் தொடங்கிய ‘பினாக்கா கீத்மாலா’ இந்தித் திரைப்பாடல்களை வரிசைப்படுத்தும் நிகழ்ச்சியாக வளர்ந்தது. அமீன் சயானியின் குரலுக்கு எல்லையின் மறுபக்கத்திலிருந்து கடிதங்கள் குவிந்தன. அதே நிலையத்தின் தமிழ்ச் சேவைக்குத் தென்தமிழ்நாட்டிலிருந்து அஞ்சலட்டைகள் போயின. இன்னொரு நாட்டின் நிலையம் நேயரின் விருப்பத்தைக் கேட்டது. நேயரும் நாடு பார்க்காமல் பதில் எழுதினார். 1954இல் பம்பாயில் முதன்முறையாக வழங்கப்பட்ட ஃபிலிம்ஃபேர் விருதுகள் வாசகர் வாக்கெடுப்பின் அடிப்படையில் அமைந்தன. இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்தனர், விருதுகளோ ஐந்தே. நடுவர் குழுவுக்கு முன்பே வாசகர் அங்கே வந்துவிட்டார் என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

அஞ்சலட்டையின் இடத்தைக் கைப்பேசி பிடித்தது 2004இல். அந்த ஆண்டு தொடங்கிய ‘இந்தியன் ஐடல்’ குறுஞ்செய்தி வாக்கை நாடெங்கும் பழக்கமாக்கியது. அதன் மூன்றாவது சீசன் 2007 செப்டம்பரில் முடிவுக்கு வந்தபோது வாக்கின் பொருளே மாறியிருந்தது. இறுதிச் சுற்றில் இருவர்: கொல்கத்தா காவல்துறையில் பணியாற்றிய டார்ஜிலிங்காரர் பிரசாந்த் தமாங், ஷில்லாங்கைச் சேர்ந்த அமித் பால். டார்ஜிலிங் மலையில் தமாங்குக்காக நிதி திரட்டினார்கள்; கூட்டம் கூட்டமாக அமர்ந்து குறுஞ்செய்தி அனுப்பினார்கள். பதிவான வாக்குகள் ஏறத்தாழ 7 கோடி என அறிவிக்கப்பட்டது. தமாங் பெரும் வித்தியாசத்தில் வென்றார்.

அதற்குப் பின் நடந்ததே வரலாற்று மாணவர் கவனிக்க வேண்டியது. வானொலித் தொகுப்பாளர் ஒருவர் நேபாளி மொழியினரைக் காவலாளிகளாகச் சித்திரித்துக் கேலி பேசினார். அதன் தொடர்ச்சியாகச் சிலிகுரியில் கலவரம் வெடித்து, இராணுவத்தை அழைக்கும் நிலை வந்தது. தமாங்கின் வாக்குத் திரட்டலை முன்னின்று நடத்திய பிமல் குருங், 2007 அக்டோபர் 7 அன்று கோர்க்கா ஜனமுக்தி மோர்ச்சாவைத் தொடங்கினார். அந்தத் திரட்டலில் சேராமல் ஒதுங்கி நின்ற சுபாஷ் கீசிங்கின் செல்வாக்கு சரிந்தது. மேற்கு வங்கத்துக்குள் மொழிச் சிறுபான்மையாக வாழ்ந்த ஒரு மலைச் சமூகம், வாக்குச் சாவடியில் ஒருபோதும் பெரும்பான்மையாக முடியாதது. பாட்டுப் போட்டியில் பெரும்பான்மையானது. அங்கே கற்ற அணிதிரட்டலை அது அரசியலுக்கு எடுத்துச் சென்றது.

ஷில்லாங்கில் அதே போட்டி வேறு விதமாக வேலை செய்தது. அமித் பால் வங்காளி. மேகாலயாவில் பழங்குடியினருக்கும் வெளியார் என்று கருதப்பட்டோருக்கும் இடையிலான கசப்பு பழையது. அந்த ஊர் அவரைத் தன் பிள்ளையாக ஏற்றுக்கொண்டு வாக்களித்தது; மாநில அரசு அவரை அமைதிக்கும் நல்லிணக்கத்துக்கும் தூதராக அறிவித்தது. ஒரே வாக்கு ஓரிடத்தில் எல்லைக் கோட்டை அழுத்தி வரைந்தது, இன்னோரிடத்தில் அழித்தது. எனவே ரசிகர் வாக்குக்கு இயல்பிலேயே ஓர் அரசியல் உண்டு என்று சொல்வதைவிட, வேறு வழியில் பேச முடியாத அரசியல் அதன் வழியாகப் பேசியது என்று சொல்வதே பொருந்தும்.

தமிழில் இதற்கு நெருங்கிய நிகழ்வு 2015 பிப்ரவரியில் நடந்தது. விஜய் தொலைக்காட்சியின் ‘சூப்பர் சிங்கர் ஜூனியர்’ நான்காவது சீசனின் இறுதிச் சுற்றில், கனடாவில் வாழும் ஈழத்தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த ஜெசிகா இரண்டாம் இடம் பெற்றார். வென்றவர் ஸ்பூர்த்தி. தமக்குக் கிடைத்த ஒரு கிலோ தங்கத்தைத் தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் உள்ள ஆதரவற்ற குழந்தைகளுக்கு அளிப்பதாக ஜெசிகாவின் குடும்பம் மேடையிலேயே அறிவித்தது. தொராண்டோவிலும் இலண்டனிலும் யாழ்ப்பாணத்திலும் அவருக்காக எழுந்த ஆதரவை ஒரு பாடகிக்கான ஆதரவாக மட்டும் படிக்க இயலாது. போர் முடிந்து ஆறாண்டு ஆகியிருந்தது. அந்தச் சமூகம் தன் பெயரை ஒரு தமிழ் மேடையில் உரக்கக் கேட்க விரும்பியது. எதிர்த்திசையிலும் சான்று உண்டு. ஏசியாநெட்டின் மலையாள ‘ஸ்டார் சிங்கர்’ போட்டியின் ஐந்தாவது சீசனில் வென்ற கல்பனா, தமிழ்நாட்டில் அறியப்பட்ட பாடகர் டி.எஸ். ராகவேந்திராவின் மகள். மொழியின் எல்லையைக் கடந்தும் ஒரு மேடை வெற்றியாளரைத் தரக்கூடும்.

விலைக்கு வருவோம். வாக்குக்கான குறுஞ்செய்தி சாதாரணக் கட்டணத்தில் போகவில்லை. ‘கௌன் பனேகா குரோர்பதி’யின் 2007ஆம் ஆண்டுப் பதிப்பில் பார்வையாளருக்கென நடந்த போட்டியில் ஒரு குறுஞ்செய்திக்கு 2.40 ரூபாய் வாங்கப்பட்டது. பரிசுத் தொகை அந்தக் கட்டணத்திலிருந்தே வருகிறது என்பது பார்வையாளரிடம் மறைக்கப்பட்டதாகக் கருதிய தேசிய நுகர்வோர் ஆணையம், 2008இல் ஒரு கோடி ரூபாய் தண்டத்தொகை விதித்தது. போதிய சான்றில்லை எனக் கூறி உச்ச நீதிமன்றம் 2022இல் அந்த உத்தரவை நீக்கியது. நீதிமன்றம் எப்படி முடித்திருந்தாலும் வழக்கு எழுப்பிய கேள்வி நிற்கிறது: பணம் கட்டி, விரும்பும் அளவுக்குத் திரும்பத் திரும்ப அனுப்பக்கூடிய ஒன்றை வாக்கு என்று அழைக்கலாமா?

இன்னொரு சிக்கலும் உண்டு. நீக்கல் முறைப் போட்டியில் ரசிகர் தமக்குப் பிடித்தவருக்கு மட்டும் வாக்களித்தால் போதாது. இந்த வாரம் யாருக்கு ஆபத்து, யார் எப்படியும் தப்பிவிடுவார் என்றும் கணிக்க வேண்டும். பிடித்தவர் பாதுகாப்பாக இருக்கிறார் என்று எல்லோரும் கணித்தால் அவரே வெளியேறுவார். விருப்பமும் ஊகமும் இங்கே பின்னிக்கொள்கின்றன. எண்ணிக்கை வெளியிடப்படாதபோது ஊகம் சரியா தவறா என்று பின்னரும் தெரிந்துகொள்ள வழியில்லை.

ரசிகர்களே நடத்தும் ஒரு விருது இந்தச் சிக்கலை வேறு விதமாகத் தீர்த்திருக்கிறது. உலக அறிவியல் புனைகதை மாநாட்டின் ஹியூகோ விருது 1953இல் தொடங்கியது. மாநாட்டு உறுப்பினர் கட்டணம் செலுத்தியவர் வாக்களிக்கலாம். எவ்வளவு ஆர்வம் இருந்தாலும் ஒருவருக்கு ஒரே வாக்குச்சீட்டு. படைப்புகளை 1, 2, 3 என வரிசைப்படுத்த வேண்டும். முதல் தெரிவு தோற்றால் வாக்கு அடுத்த தெரிவுக்குப் போகும். ஆகவே வாக்காளர் யார் வெல்வார் என்று கணிக்கத் தேவையில்லை. மனத்திலுள்ளதை எழுதினால் போதும். கணிப்பு தனி விளையாட்டாகப் பிரிந்துவிடுகிறது. 1968இல் நாடகப் பிரிவில் இறுதிக்கு வந்த ஐந்தும் ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரின் பகுதிகள். எந்தத் தொடர் வெல்லும் என்பது முன்பே தெரிந்தாலும், எந்தப் பகுதி என்பதைச் சொல்ல வாக்காளரின் தரவரிசை தேவைப்பட்டது. 2003இல் அந்தப் பிரிவு நீண்ட வடிவம், குறு வடிவம் என இரண்டானது. தொலைக்காட்சித் தொடரின் தனிப்பகுதிகளுக்கு உரிய இடம் கிடைத்தது.

ஹியூகோவும் பழுதற்றதன்று. 2015இல் சில குழுக்கள் ஒரே பட்டியலை வைத்துக்கொண்டு முன்மொழிவுச் சுற்றைக் கைப்பற்றின. 5,950 பேர் வாக்களித்து ஐந்து பிரிவுகளில் ‘விருது இல்லை’ என்று தீர்ப்பளித்தார்கள். வாக்குச்சீட்டிலேயே இடம்பெறும் ஒரு தெரிவு அது. முன்மொழிவை எண்ணும் முறை திருத்தப்பட்டு 2017இல் நடைமுறைக்கு வந்தது. 2023இல் செங்டு மாநாட்டில் சில படைப்புகள் காரணம் சொல்லாமல் தகுதியற்றவை என ஒதுக்கப்பட்டன. ‘தி சாண்ட்மேன்’ தொடரின் ஒரு பகுதியும் அவற்றுள் ஒன்று. 2024 ஜனவரியில் எண்ணிக்கை விவரங்கள் வெளியானபோதுதான் அது அம்பலமானது. விவரம் வெளியிட வேண்டும் என்ற மரபு இருந்ததால் முறைகேட்டைக் கண்டுபிடிக்க முடிந்தது.

‘விருது இல்லை’ என்ற சொல் கேரளத்திலும் ஒலித்தது. 2020ஆம் ஆண்டுக்கான மாநிலத் தொலைக்காட்சி விருதுகள் 2021 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டபோது, சிறந்த தொடருக்கான விருதைப் பெறத் தகுதியான தொடர் எதுவும் இல்லை என நடுவர் குழு கூறிவிட்டது. தரம் குறித்த அந்த அக்கறை நியாயமானதாகவே இருக்கலாம். ஆயினும் இரு மறுப்புகளுக்கும் இடையே வேறுபாடு பெரியது. ஓரிடத்தில் மறுத்தவர்கள் அந்தக் கதைகளோடு வாழ்பவர்கள். இன்னோரிடத்தில் மாலைதோறும் தொடர் பார்க்கும் இலட்சக்கணக்கானோரின் சார்பில் ஒரு குழு மறுத்தது.

ரசிகர் வாக்கு மக்களாட்சியின் சிறந்த வடிவம் என்று இந்த வரலாறு சொல்லவில்லை. பணம் உள்ளவர் கூடுதலாகப் பேசும் ஏற்பாடு அது; எண்ணிக்கையை நிறுவனம் தன்னிடமே வைத்துக்கொள்ளும் ஏற்பாடும்கூட. ஒருவருக்கு ஒரு சீட்டு, தரவரிசை, வெளிப்படையான எண்ணிக்கை ஆகிய மூன்றும் இருந்தால் அந்தக் குறைகள் பெரிதும் குறையும். அவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை, மனம்தான் வேண்டும். அவை வரும்வரை ரசிகர் வாக்கை ஏளனம் செய்வோர் ஒன்றை நினைவில் வைக்கலாம். டார்ஜிலிங்குக்கும் புலம்பெயர் ஈழத்தமிழருக்கும் அரசு விருதுகள் தராத ஓர் இடத்தை இந்தக் குறைபட்ட வாக்கு தந்தது. மறையூரில் இரவுத் தொடர் முடிந்து விளக்கணைக்கும் தமிழரிடம் எது நல்ல தொடர் என்று இரு மாநில அரசுகளும் இன்னும் கேட்கவில்லை.