இலங்கையின் அன்னையர் முன்னணிகள்

இலங்கையில் 1979இல் இயற்றப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டம், சந்தேகத்தின் பேரில் பிடிபட்டவரை வழக்கு விசாரணையின்றி மாதக்கணக்கில் தடுத்துவைக்க இடம் கொடுத்தது. தமிழருக்கு எதிரான 1983 ஜூலை வன்செயலுக்குப் பின் வடக்கில் சுற்றிவளைப்புகள் பெருகின. பிடித்துச் செல்லப்பட்ட பிள்ளை எந்த முகாமில் இருக்கிறான், உயிரோடு இருக்கிறானா என்று சொல்வார் இல்லை. அந்தக் கேள்வியைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர்கள் தாய்மார்.

1984இல் யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணி உருவானது. இளைஞர்கள் நூற்றுக்கணக்கில் கைதானதை எதிர்த்துப் பெண்கள் ஊர்வலமாகக் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) சென்று அரசாங்க அதிபரிடம் நியாயம் கேட்டனர். ஆண்கள் கூடினால் கைதாகும் நிலையில், பெற்றவள் பிள்ளையைக் கேட்பதைக் குற்றம் என்று சொல்வது அரசுக்கு எளிதாக இருக்கவில்லை. ஆனால் தமிழ் ஆயுத இயக்கங்களின் பிடி இறுக இறுக, முன்னணியின் தனிக்குரல் தேய்ந்தது. எல்லாத் தரப்பு வன்முறையையும் பதிவுசெய்து எழுதிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விரிவுரையாளர் ராஜினி திராணகம, ‘முறிந்த பனை’ நூலாசிரியர்களில் ஒருவர், 1989 செப்டம்பர் 21 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். அன்று பேசுவதற்குக் கொடுத்த விலை அத்தகையது.

மட்டக்களப்பு அன்னையர் முன்னணியைச் சேர்ந்த பூபதி, போர் நிறுத்தமும் விடுதலைப் புலிகளோடு பேச்சுவார்த்தையும் வேண்டி, 1988 மார்ச் 19 அன்று மாமாங்கேஸ்வரர் கோயில் வளாகத்தில் உண்ணாநோன்பு தொடங்கினார். இந்திய அமைதிப்படை நிலைகொண்டிருந்த காலம் அது. கோரிக்கை நிறைவேறாமலே ஏப்ரல் 19 அன்று அவர் உயிர் பிரிந்தது.

தெற்கில் 1987 முதல் ஜேவிபி (மக்கள் விடுதலை முன்னணி) கிளர்ச்சியும் அதை ஒடுக்க அரசு கையாண்ட கொடுமையும் சிங்கள இளைஞர்கள் பல்லாயிரம் பேரைப் பலிகொண்டன. 1990 ஜூலையில் மாத்தறையில் தென்னிலங்கை அன்னையர் முன்னணி தொடங்கப்பட்டது. பிள்ளைகளை ஒழுங்காக வளர்த்திருக்க வேண்டும் என்று அமைச்சர் ஒருவர் தாய்மாரையே குறை கூறினார். நீதிமன்றமும் காவல்துறையும் கைவிட்ட பெண்கள் தெய்வத்திடம் முறையிட்டனர். 1992 ஜூன் 23, ஜனாதிபதி பிரேமதாசாவின் பிறந்தநாளன்று, கொழும்பு முகத்துவாரம் காளி கோயிலில் தலைமுடியை விரித்துப் போட்டு, தேங்காய் உடைத்து, பிள்ளைகளைக் கொண்டுபோனவர்களைச் சபித்தனர். ஊர்வலங்களுக்குத் தடை விதிக்க முடிந்த அரசால் வழிபாட்டைத் தடுக்க முடியவில்லை. இந்த முன்னணியை ஒருங்கிணைத்தது எதிர்க்கட்சியான இலங்கை சுதந்திரக் கட்சி. 1994இல் அக்கட்சி தலைமையிலான கூட்டணி ஆட்சிக்கு வந்தபின் இயக்கம் அடங்கிப்போனது.

எனினும் அந்தத் தாய்மார் சேர்த்த பெயர்ப் பட்டியல்களும் வாக்குமூலங்களும் வீணாகவில்லை. 1994இல் அமைக்கப்பட்ட மூன்று வலய ஆணைக்குழுக்கள், 16,000க்கும் மேற்பட்டோர் காணாமலாக்கப்பட்டதை உறுதிசெய்தன. எம்பிலிப்பிட்டியவில் பாடசாலை மாணவர்கள் கடத்தப்பட்ட வழக்கில், 1999இல் பாடசாலை அதிபரும் இராணுவத்தினர் சிலரும் குற்றவாளிகளாகத் தீர்ப்பளிக்கப்பட்டனர். பெரும்பாலான வழக்குகளில் யாரும் தண்டிக்கப்படவில்லை.

2009 மே மாதம் அரசுக்கும் புலிகளுக்கும் இடையிலான போர் முடிந்தபோது, முல்லைத்தீவின் வட்டுவாகலில் இராணுவத்திடம் சரணடைந்தவர்களையும் உறவினர்கள் தங்கள் கையால் ஒப்படைத்தவர்களையும் பற்றி அதே கேள்வி மீண்டும் எழுந்தது. 2017 பிப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டம், வடக்கு கிழக்கின் பிற மாவட்டங்களுக்கும் பரவியது. இம்முறை முன்னின்றவை கட்சிகள் அல்ல, காணாமலாக்கப்பட்டோரின் உறவினர்களே முன்னின்றனர். பிள்ளைகளின் படங்களை ஏந்தி ஆண்டுக்கணக்கில் பந்தலில் அமர்ந்தவர்களில் பலர் பதில் அறியாமலே இறந்துவிட்டனர்.

2016இல் இலங்கை, வலிந்து காணாமலாக்கப்படுவதற்கு எதிரான சர்வதேச உடன்படிக்கையை ஏற்றது. அதே ஆண்டு காணாமல்போனோர் அலுவலகத்துக்கான சட்டம் நிறைவேறியது. 2018இல் வலிந்து காணாமலாக்குதல் தண்டனைக்குரிய குற்றமானது. பல பத்தாண்டுகளாகக் குடும்பங்கள் விடாமல் கேட்டிராவிட்டால் இச்சட்டங்கள் வந்திருக்கமாட்டா. இழப்பீடும் மரணச் சான்றிதழும் தந்து கணக்கை முடிக்கும் யோசனைகளைத் தாய்மாரில் பலர் ஏற்கவில்லை. பிள்ளைக்கு என்ன ஆனது, அதற்குப் பொறுப்பு யார் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தருவது அரசின் கடமையாக இன்னும் நிலுவையில் இருக்கிறது.