பஸ் டிக்கெட்டும் நரோராவும்

தாம்பரத்திலிருந்து வேளச்சேரி போகிற டவுன் பஸ்ஸில் ஜன்னலோர சீட் பிடித்தவர்களுக்குத் தெரியும். ஒரு குறிப்பிட்ட வேகம் வந்ததும் கண்ணாடி கடகடவென்று உயிரை வாங்கும். வேகம் மாறினால் அடங்கிவிடும். அனுபவஸ்தர் யாராவது டிக்கெட்டை நாலாக மடித்து இடுக்கில் செருகுவார். கப்சிப்!

மின் நிலையத்து டர்பைனிலும் இதே சங்கதிதான். நீராவி மோதிச் சுழலும் பிளேடு ஒவ்வொன்றுக்கும் இயல்பான ஓர் ஆட்டம் உண்டு. நீராவி தள்ளுகிற தாளமும் அதுவும் ஒத்துப்போனால் போச்சு. சரியான நேரம் பார்த்துத் தள்ளிய ஊஞ்சல் மாதிரி ஆட்டம் ஏறிக்கொண்டே போகும். கணக்குப்பிள்ளை பாஷையில், வரவு உண்டு, செலவு இல்லை.

அந்தச் செலவை உண்டாக்கத்தான் உராய்வு. பிளேடுகளில் துளை போட்டு, வரிசையாக ஒரு கம்பியைக் கோத்துவிடுவார்கள். ஆடுகிற பிளேடு கம்பியில் உரசும். ஆட்டத்தின் சக்தி சூடாகக் கரையும். ரொம்ப இறுக்கினால் உரசாது, ரொம்பத் தளர்ந்தால் பிடிக்காது. நடுவாந்திரத்தில்தான் சூட்சுமம்.

பிளேடு ஒடிந்தால் என்ன ஆகும்? கம்பியை வளைத்து வளைத்து ஒடிக்கிறோமே, அப்படி உலோகம் களைத்து, 1993 மார்ச் 31 அதிகாலை மூன்றரை மணிக்கு உத்தரப்பிரதேசத்தின் நரோரா அணுமின் நிலையத்தில் இரண்டு பிளேடுகள் ஒடிந்தன. டர்பைன் சமநிலை இழந்து அதிர்ந்தது. ஜெனரேட்டரைக் குளிர்விக்கும் ஹைட்ரஜன் கசிந்து தீப்பிடித்தது. கேபிள்கள் எரிந்தன. சுமார் 17 மணி நேரம் நிலையமே இருட்டு. கட்டுப்பாட்டு அறையில் புகை. உலையை நிறுத்தியாயிற்று, ஆனால் உள்ளே சூடு தணியவில்லையே! டீசல் பம்புகளால் தண்ணீர் போனது. ஊழியர்கள் டார்ச் லைட்டோடு மேலே ஏறி, வால்வுகளைக் கையால் திறந்து போரான் கரைசலை உலைக்குள் விட்டார்கள். கதிர்வீச்சு வெளியே கசியவில்லை.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், இதே ரக டர்பைன்களில் விரிசல் விழுகிறது என்று 1989-லேயே எச்சரிக்கை வந்திருந்தது. பிளேடுகளை மாற்றியது விபத்துக்குப் பிறகுதான்.

நரோரா எங்கேயோ இருக்கிறது என்று நினைக்காதீர்கள். 1984-லும் 1986-லும் வணிக ரீதியில் மின்சாரம் தரத் தொடங்கிய கல்பாக்கம் உலைகளும் அதே கனநீர் ரகம்தான். தாம்பரத்திலிருந்து ஒன்றரை, இரண்டு மணி நேர பஸ் தூரம்.

பஸ் கண்ணாடி கடகடத்தால் உடனே டிக்கெட்டை மடிக்கிறோம். நரோராவில் அதற்கு நாலு வருஷம் ஆயிற்று.