அத்திக் கதியால்

ரொறன்ரோ சென் கிளேயர் மேற்கில் நாங்கள் குடிவந்த ஆண்டு, நவம்பர் கடைசியில் பக்கத்து வீட்டு இத்தாலிய முதியவர் ஒரு மரத்தைப் புதைத்துக்கொண்டிருந்தார். சீமை அத்தி. ஒரு பக்க வேரை அறுத்து, மரத்தைப் பள்ளத்தில் சாய்த்து, பலகையும் சருகும் மண்ணும் போட்டு மூடினார். ஏப்ரலில் நிமிர்த்தினார். 1950களிலும் 60களிலும் தென் இத்தாலியிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்களின் கொல்லைகளில் இன்றும் காணும் வழக்கம் இது.

வீடுகளில் வளரும் இந்த அத்தி, மகரந்தம் சுமக்கும் குளவி இல்லாமலே பழுக்கும். ஆகவே முளைக்கும் விதை இராது. தண்டை வெட்டி நட்டால்தான் அடுத்த மரம். ஜோர்தான் பள்ளத்தாக்கின் கில்காலில் கிடைத்த கருகிய அத்திப்பழங்கள் இவ்வகையைச் சேர்ந்தவை, சுமார் 11,400 ஆண்டுகள் பழையவை என்று 2006இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். தானியங்களுக்கும் முன்பே மனிதர் நட்ட பயிர் இதுவாகலாம் என்பது அவர்கள் கருத்து.

யாழ்ப்பாணத்தாருக்குத் தண்டு நடுவது புதிதல்ல. எங்கள் வேலிகளே உயிருள்ள கதியால்கள்தாம். 1995 ஒக்ரோபரில் இடம்பெயர்ந்தபோது அப்பா வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டார். வேலியை யாரும் நினைக்கவில்லை.

முதியவர் இறந்த பின் வந்த ஏப்ரலில் மரத்தை நிமிர்த்தியது நான்தான். வீடு விலைப்பட்டிருந்தது. பென்சில் தடிப்பில் மூன்று தண்டு வெட்டி ஈரமணலில் ஊன்றினேன். இரண்டு வேர்விட்டன. ஒன்றை அவர் மகளிடம் கொடுத்தேன்.

அன்றிரவு அப்பாவிடம், எங்கள் வேலியில் என்ன கதியால் நின்றது என்று முதன்முறையாகக் கேட்டேன்.

“கிளுவை” என்றார். சற்றுப் பொறுத்து, “வடக்குப் பக்கம் மட்டும் பூவரசு” என்றார்.