காட்டு வழியும் மனித நெறியும்

‘வழி’ என்னும் பொருளைக் குறிக்க நம் இரு மொழிகளும் ஈன்றெடுத்த சொற்கள் சிந்தனைக்கு விருந்தானவை. தமிழில் ஆறு என்றாலும் வழி. நெறி என்றாலும் வழி. அந்த நெறியே பின்னர் ஒழுக்கத்திற்கும் பெயராயிற்று. அரபியில் ‘தரீக்’ என்பது பாதை. ‘தரீகா’ என்பது ஞானியர் செல்லும் முறை. மார்க்கச் சட்டத்தைக் குறிக்கும் ‘ஷரீஅத்’ என்னும் சொல், ஆதியில் நீர்த்துறைக்குச் செல்லும் வழியைக் குறித்தது என்பர் அரபு அகராதி ஆசிரியர்கள். மனிதன் தன் ஒழுக்கத்தை எண்ணிய போதெல்லாம் அவன் கண்முன் ஒரு பாதை தோன்றியிருக்கிறது. நடப்பார் இருக்கும்வரை பாதை உண்டு. நடப்பார் ஒழிந்தால் புல் மூடும், முள் மூடும், இறுதியில் காடே மூடிவிடும்.

காட்டினூடே வழி காண்பதற்கு இரு முறைகள் உண்டு என்பதை வரலாறு நமக்குக் காட்டுகிறது. அதை ஒரே பயணியின் வாயிலாக, ஏறத்தாழ ஒரே பருவத்தில் நிகழ்ந்த இரு நிகழ்ச்சிகளில் காணலாம். அப்பயணி, கி.பி. 1304இல் மொராக்கோ நாட்டுத் தாஞ்சியரில் பிறந்து, 1325இல் ஹஜ்ஜை நாடிப் புறப்பட்டு, பாதி உலகைச் சுற்றித் திரும்பிய இப்னு பதூதா. மாலத்தீவில் காளியாகப் பணியாற்றிய அவர், 1344ஆம் ஆண்டு அங்கிருந்து புறப்பட்டு முதலில் ஸரந்தீபிலும், பின்னர் நம் தமிழ்க் கடற்கரையிலும் கால் வைத்தார்.

ஸரந்தீபின் மலைமீது ஆதம் (அலை) அவர்களின் பாதச் சுவடு இருப்பதாக அரபு வணிகர் நெடுங்காலமாகப் பேசி வந்தனர். கி.பி. 851இல் எழுந்த சீன, இந்தியச் செய்திகள் பற்றிய அரபு நூலிலேயே இக்குறிப்பு காணப்படுகிறது. ஆதம் (அலை) இறங்கிய இடத்தைத் திருக்குர்ஆன் பெயர் சுட்டிக் கூறவில்லை. விரிவுரையாளர் தரும் செய்திகளும் பலவாறானவை. எனினும் அம்மலையைக் காணும் ஆவல் இப்னு பதூதாவைப் பற்றிக்கொண்டது. புத்தளத்தில் அவரை வரவேற்ற ஆரியச் சக்கரவர்த்தி, நான்கு யோகியரையும், மூன்று பிராமணரையும், தம் ஆட்களில் பதின்மரையும், உணவு சுமக்கப் பதினைவரையும் துணையாக அனுப்பி வைத்தார். ஒரு முஸ்லிம் பயணிக்கு வழித்துணை அமைந்த விதம் இது.

யானைகள் நிறைந்த அக்காட்டு வழியை முதலில் திறந்தவர் ஷீராஸ் நகரத்து ஷைகு அபூ அப்துல்லாஹ் இப்னு கஃபீஃப் (ரஹ்) என்று அவர் எழுதுகிறார். கி.பி. 982இல் மறைந்த பெரியார் அவர். அவருடன் சென்ற பக்கீர்கள் வழி தவறிப் பசியால் வாடினர். ஷைகு தடுத்தும் கேளாமல் ஒரு யானைக் குட்டியைக் கொன்று தின்றனர். அவர் மட்டும் உண்ணவில்லை. அன்றிரவு யானைகள் திரண்டு வந்து ஒவ்வொருவரையும் மோந்து பார்த்துக் கொன்றன. ஷைகை மோந்த யானையோ அவரைத் தன் முதுகில் ஏற்றி ஊர் எல்லையில் கொண்டுவந்து விட்டது. அதைக் கண்ட அந்நாட்டு மக்கள் அதுமுதல் முஸ்லிம்களை மதித்துத் தம் இல்லங்களில் இடமும் உணவும் அளித்தனர் என்பது செய்தி.

இதைப் பயணிகளின் வாயில் வளர்ந்த கதை என்பாரும் உளர். அவ்வாறே இருப்பினும், அக்கதையை வளர்த்த உள்ளம் எதை விரும்பியது என்பதே நம் கேள்வி. காட்டிற்கும் ஒரு நீதி உண்டு. அதன் குட்டியைத் தீண்டாதவனுக்கே அது வழிவிடும் என்று அவ்வுள்ளம் நம்பியது. வேடன் வலையில் சிக்கிய மானுக்காக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பிணை நின்ற செய்தியை உமறுப் புலவர் சீறாப்புராணத்தில் தனிப் படலமாகவே பாடியதும் இதே உணர்வினாலன்றோ?

மலைக்குச் செல்ல இரு பாதைகள் இருந்தன: ஒன்று ‘பாபா’ பாதை, மற்றொன்று ‘மாமா’ பாதை. முன்னது ஆதம் (அலை) அவர்களையும், பின்னது ஹவ்வா (அலை) அவர்களையும் குறிப்பன. மாமா பாதை எளியது. அதன் வழியே இறங்கலாம், ஆனால் ஏறுவோரின் யாத்திரை நிறைவுற்றதாகக் கருதப்படாது. பாபா பாதையோ செங்குத்தானது. பாறையில் பத்து இரும்புச் சங்கிலிகள் தொங்கின. பத்தாவதன் பெயர் ‘ஷஹாதா’ச் சங்கிலி. அதைப் பற்றிக்கொண்டு கீழே நோக்குபவன் அச்சத்தால் கலிமாவை மொழிவானாம். மரத்திலிருந்து பாயும் அட்டைகளுக்காக எலுமிச்சம் பழம் கொண்டு செல்வர் என்றும் அவர் எழுதியுள்ளார். தமிழ் முஸ்லிம்கள் அம்மலையைப் ‘பாவாத மலை’ என்று வழங்குவதில் அந்தப் பழைய பெயரின் ஒலி இன்றும் கேட்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் இரத்தினபுரி வழியே அம்மலையில் ஏறும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. 2,243 மீட்டர் உயரமுள்ள அம்மலைக்கு, இக்காலத்தில் பெரும்பாலோர் ஹட்டன் பக்கமாகவே செல்கின்றனர். ஆதலால் இரத்தினபுரி வழியில் பல இடங்களில் காடு இருபுறமும் நெருங்கி நிற்கிறது. மழை ஈரத்தில் அட்டைகள் காலில் ஏறின. முன்னே சென்ற சிங்கள முதியவர் ஒருவர் நம் நிலையைக் கண்டு, தம் முடிச்சிலிருந்து பாதி எலுமிச்சையை எடுத்துத் தந்தார். அவருக்கு அது புத்தரின் பாதம். நமக்கு முன்னே திருநீறணிந்து சென்றோருக்குச் சிவனொளிபாதம். அப்பழத்துண்டைக் கையில் வாங்கியபோது அறுநூற்று எண்பது ஆண்டுகள் சுருங்கிவிட்டன. அம்மலை வழியில் செல்வோரின் உணவுக்காகக் கிலிமலை என்னும் கிராமத்தை ஒதுக்கியவன், கி.பி. 1055 முதல் 1110 வரை ஆண்ட சிங்கள மன்னன் முதலாம் விஜயபாகு. பல சமயத்தார் கால்களும் பல காலத்தார் கொடையும் சேர்ந்தே அப்பாதையைக் காடு மூடாமல் காத்தன.

இனி இரண்டாவது காட்டைக் காண்போம். ஸரந்தீபிலிருந்து புறப்பட்ட கப்பல் புயலில் சிதைய, இப்னு பதூதா மஃபர் என்று அரபியர் அழைத்த தமிழ்க் கரையில் ஒதுங்கினார். அப்போது மதுரையை ஆண்டவன் சுல்தான் கியாஸுத்தீன் தாமகானி. அவன் மனைவியும் இப்னு பதூதா டில்லியில் மணந்த பெண்ணும் உடன்பிறந்த சகோதரிகள். ஆகவே இருவரும் சகலை முறையினர். சுல்தானின் படை சென்ற வழி, மரமும் நாணலும் பின்னிப் பிணைந்த காடு. பெரியவர் சிறியவர் என்னும் வேறுபாடின்றி ஒவ்வொருவரும் கோடரி ஏந்த வேண்டும் என்பது கட்டளை. காலை முதல் நண்பகல் வரை மரங்கள் வீழ்ந்தன, வழி பிறந்தது.

ஆனால் அவ்வழியில் நடந்தது என்ன? காட்டில் பிடிபட்ட மக்களின் தோளிலேயே கூரிய கழுமரங்கள் சுமத்தப்பட்டன. மறுநாள் காலை, பாசறை வாயில்களில் அவர்கள் அக்கழுக்களிலேயே ஏற்றப்பட்டனர். பெண்டிரும் பிள்ளைகளும் தப்பவில்லை. இதைப் பகைவர் எவரும் எழுதிவைக்கவில்லை; சுல்தானின் விருந்தினரும் உறவினருமான ஒரு முஸ்லிம் காளி எழுதிவைத்தார். வேறெந்த மன்னனிடமும் தாம் காணாத இழிசெயல் என்று கண்டித்து, இதனாலேயே இறைவன் அவன் மரணத்தை விரைவுபடுத்தினான் என்றும் முடித்தார்.

இச்செய்தியைச் சொல்லாமல் விட்டால் என்ன என்று நம்மவர் சிலர் கேட்கக்கூடும். உறவின் முகம் பார்த்து உண்மையை மறைக்காத இப்னு பதூதாவின் நேர்மை நமக்குரிய செல்வமன்றோ? படை அனுப்பியபோது பெண்டிரையும் குழந்தைகளையும் முதியோரையும் கொல்லலாகாது, கனிதரும் மரங்களை வெட்டலாகாது என்று கட்டளையிட்டவர் முதல் கலீபா அபூபக்கர் (ரலி) அவர்கள். அந்த அளவுகோலை உடைய சமுதாயம் தன்னவனையும் அதனாலேயே அளக்க வேண்டும்.

தாமகானி சில மாதங்களிலேயே இறந்தான். 1335ஆம் ஆண்டளவில் தோன்றிய மதுரைச் சுல்தானியமும் அந்நூற்றாண்டு முடியுமுன் மறைந்தது. கோடரியால் அவன் கண்ட வழி எங்கே என்று கேட்டால் இன்று காட்டுவார் இல்லை. பாவாத மலைப் பாதையிலோ இன்றும் மனிதர் நடக்கின்றனர்.

பாதையிற் கிடந்த முட்கிளையை அகற்றிய ஒருவரின் செயலை இறைவன் ஏற்று அவரை மன்னித்தான் என நபிமொழி நமக்குச் சொல்கிறது. நம் இராமநாதபுரக் கரையோரத்தில் சீமைக் கருவேலம் மூடிய பழைய தடங்கள் பல உண்டு. அவற்றுள் சில கபரஸ்தானுக்குச் செல்பவை. சில அண்டை வீட்டாரின் கோயிலுக்கும் வயலுக்கும் செல்பவை. அரிவாள் எடுத்துச் செல்லும் நம் இளைஞர்கள், இது எவருடைய வழி என்று கேளாமல் முள்ளை வெட்டட்டும். யாருக்கும் அஞ்சாமல் ஒரு குழந்தை நடந்து செல்லக்கூடிய வழியே, வழி என்னும் பெயருக்குத் தகுதியுடையது.