தமிழில் மருத்துவம் படித்த மானிப்பாய்



உயர்தர முடிவுகள் வந்தால் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பெற்றோர் கேட்கும் கேள்வி ஒன்றுதான். “சேர், பிள்ளை தமிழ் மீடியத்தில் படிச்சது. மெடிக்கல் பெகல்ட்டியில் எல்லாம் இங்கிலீஷாம். சமாளிக்குமா?”

இந்தக் கவலைக்குப் பின்னால் பழைய கதை ஒன்று இருக்கிறது.

1847இல் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மிஷனரி வைத்தியர் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் வைத்தியசாலை நடத்திக்கொண்டே ஊர் இளைஞர்களுக்கு மருத்துவம் படிப்பித்தார், முதலில் ஆங்கிலத்தில். ஆங்கிலம் படித்தவர்கள் உத்தியோகம் தேடிக் கிராமத்தை விட்டுப் போனார்கள். ஆகவே 1864இல் தமிழிலேயே வகுப்பைத் தொடங்கினார். நோயைக் கலத்தில் தேட வேண்டும் என்று ஜெர்மனியில் விர்ஷோ புத்தகம் எழுதி அப்போது 6 வருடங்கள்தான் ஆகியிருந்தன.

பாடநூல் இல்லையே? மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு கிறீன் மொழிபெயர்த்தார். ‘இரண வைத்தியம்’ 1867இல் வந்தது, ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872இல், ‘கெமிஸ்தம்’ 1875இல். அவரிடம் படித்து வைத்தியரானவர்கள் 60 பேருக்கு மேல்.

1870இல் கொழும்பில் அரச மருத்துவப் பாடசாலை ஆங்கிலத்தில் தொடங்கியது. 1873இல் கிறீன் நாடு திரும்பினார். மானிப்பாயின் தமிழ் வகுப்பு அதன்பின் நெடுநாள் நீடிக்கவில்லை. கொழும்பின் வழியே நிலைத்தது.

ஆனால் பாடசாலை விஞ்ஞானம் பிற்காலத்தில் தமிழுக்கு வந்தது. அதில் நம் பிள்ளைகள் படிக்கும் சொற்களைக் கொஞ்சம் பாருங்கள். 1898இல் பெண்டா வைத்த ‘மைட்டோகொண்ட்ரியா’ என்ற பெயர் கிரேக்கத்தில் இழை, மணி என்ற இரண்டு சொற்களால் ஆனது. நமது புத்தகத்தில் அது இழைமணி. ‘குரோமோசோம்’ என்றால் நிறம், உடல். நமக்கு நிறமூர்த்தம். ஆங்கிலத்தில் படிக்கும் பிள்ளை பொருள் தெரியாமல் பாடமாக்கும் சொல்லை, தமிழில் படித்த பிள்ளை பொருளோடு வைத்திருக்கிறது.

டி.என்.ஏ.யிலுள்ள தகவல் ஆர்.என்.ஏ.யாகப் படியெடுக்கப்பட்டு இறைபோசோமில் புரதமாவது எந்த மொழியிலும் ஒன்றுதான். அதை விளங்கிய பிள்ளைக்குப் புதிதாக வருவது பெயர் மட்டுமே. ஆகவே முடிவு வந்த பிறகு சும்மா இருக்கும் மாதங்களில் ஒரு கொப்பியை இரண்டாகக் கோடிட்டு, ஒரு பக்கம் தமிழ்ச்சொல், மறுபக்கம் ஆங்கிலச்சொல் என்று எழுதச் சொல்லுங்கள். ஆங்கிலம் கட்டாயம் வேண்டும், அதில் சமாதானம் இல்லை.

தமிழும் வேண்டும். நாளை வாட்டில் ஓர் உம்மா, “என் பிள்ளைக்கு ஏன் தலசீமியா வந்தது, டொக்டர்?” என்று கேட்பார். வாப்பாவிடமிருந்து ஒன்று, உம்மாவிடமிருந்து ஒன்று என்று பழுதான பரம்பரையலகுகள் இரண்டு சேர்ந்ததால் வந்தது, இதில் யார் மீதும் குற்றமில்லை என்று அவருக்கு விளங்கும் மொழியில் சொல்ல வேண்டும். கிறீன் தமிழில் படிப்பித்ததும் அந்த மனிதர்களுக்காகத்தான்.

தமிழ் மீடியத்திலிருந்து மருத்துவ பீடம் போகும் பிள்ளை உங்களுக்குத் தெரிந்திருந்தால் இதை அனுப்பிவிடுங்கள்.