துப்பாக்கியில் எழுதிய காலக் கணக்கு

கல்வெட்டு ஆராய்வோர் முதலில் தேடுவது யாண்டு. இன்ன மன்னனுக்கு இத்தனையாவது யாண்டு என்ற தொடர் கிடைத்தால் காலம் விளங்கிவிடும். ஜப்பானியரும் தம் படைத் துப்பாக்கிகளுக்கு இம்முறையிலேயே பெயரிட்டனர். மெய்ஜி மன்னரின் 38ஆம் ஆண்டாகிய 1905இல் ஏற்கப்பட்டது ‘38ஆம் வகை’. கி.மு. 660இல் முதல் மன்னர் முடிசூடினார் என்னும் மரபுக் கணக்கின்படி 2599ஆம் ஆண்டாகிய 1939இல் ஏற்கப்பட்டது ‘99ஆம் வகை’. முன்னதன் குழல் விட்டம் 6.5 மில்லிமீட்டர், பின்னதற்கு 7.7.

ஆயின், இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். இவ்வெண்கள் வகை பிறந்த ஆண்டைக் கூறுவனவேயன்றித் துப்பாக்கி பிறந்த ஆண்டைக் கூறுவன அல்ல. 38ஆம் வகை முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்யப்பட்டது. செய்த ஆண்டோ அதில் பொறிக்கப்படவில்லை. அதை எவ்வாறு அறிவது?

இடப்பக்கத்தில் ஒரு தொடர் எண் உண்டு. அதன் முன்னே சிறு வட்டத்துள் ஓர் எழுத்தும், பின்னே தொழிற்சாலையின் முத்திரையும் காணப்படும். 1930களில் புகுத்தப்பட்ட முறையில் ஒவ்வொரு வரிசையும் 99,999 வரை சென்று முடியும். அடுத்த வரிசைக்கு வேறெழுத்து. நாம் அ, ஆ, இ என அடுக்குவது போல அவர்கள் ‘இரோஹா’ என்னும் பழம்பாடலின் எழுத்து முறையில் அடுக்கினர். ஆகவே 45,000 என்ற எண் பல துப்பாக்கிகளில் இருக்கலாம். எழுத்தை விட்டு எண்ணை மட்டும் படிப்பவர் ஏமாறுவர்.

முத்திரையும் தனித்து நின்றால் போதாது. அடுக்கிய பீரங்கிக் குண்டுகள் போன்ற முத்திரை முதலில் டோக்கியோப் படைக்கலச் சாலைக்கு உரியது. 1923இல் நேர்ந்த பெருநிலநடுக்கத்திற்குப் பின் அச்சாலை கொக்குராவுக்கு மாற்றப்பட்டபோது முத்திரையும் உடன் சென்றது. 38ஆம் வகையில் வரிசையெழுத்து இல்லையேல் டோக்கியோ, இருந்தால் கொக்குரா. 99ஆம் வகையில் கொக்குராவுக்கு 20 முதல் 25 வரையிலான வரிசைகளும், ஹிரோஷிமாவின் டோயோ கோக்யோவுக்கு 30 முதல் 35 வரையிலானவையும் ஒதுக்கப்பட்டன. இன்று மாஸ்டா கார்களைச் செய்யும் நிறுவனமே அது.

மூன்றாவது சான்று வேலைப்பாடு. தொடக்கத்தில் வந்த 99ஆம் வகைக்கு ஏற்றியிறக்கும் குறித்தகடு, விமானத்தைக் குறிபார்க்கும் சிறகுகள், கம்பித் தாங்கி, குழலினுள் குரோமியப் பூச்சு ஆகியவை இருந்தன. போர் முற்றி உலோகமும் நேரமும் அருகியபோது இவை ஒவ்வொன்றாய் மறைந்தன. இறுதியில் குறித்தகடு அசையாததாயிற்று. கட்டையின் அடியில் இரும்புக்கு மாறாக மரப்பலகை வந்தது. போல்ட்டின் முட்டை வடிவக் குமிழ் உருளையாயிற்று. ஒரு பேரரசின் தளர்ச்சியை அரத்தின் கீறல்களிலேயே காணலாம்.

இதனால் யாது பயன்? கோத்தா பாருவில் ஜப்பானியர் 1941 டிசம்பர் 8இல் இறங்கினர். அன்று ஏந்தி வந்தது என்று சொல்லி ஒருவர் ஒரு துப்பாக்கியைக் காட்டுகிறார் என்று கொள்வோம். அசையாத குறித்தகடும், மரப்பலகையும், உருளைக் குமிழும் அதில் இருப்பின் அது போரின் கடைசிக் கட்டத்தில் செய்தது. அந்தக் கடற்கரையைக் கண்டிருக்க இயலாது. போல்ட்டின் எண்ணும் உடலின் எண்ணும் வேறுபட்டால் இரு துப்பாக்கிகளின் உறுப்புகள் கலந்தன என்று அறியலாம்.

மேலே பொறித்த பதினாறு இதழ்ச் செவ்வந்தி அரச முத்திரை. 1945இல் சரணடைந்த பின் ஒப்படைத்த துப்பாக்கிகள் பலவற்றில் அது அராவி நீக்கப்பட்டிருந்தது. எனினும் படையிலிருந்து முன்பே கழிக்கப்பட்டுப் பள்ளிப் பயிற்சிக்குச் சென்றவற்றிலும் அம்முத்திரை சிதைக்கப்பட்டதுண்டு. ஆகவே பூ அழிந்தது ஒன்றையே கொண்டு முடிவு கட்டலாகாது.

அப்போரைக் கண்ணால் கண்டோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். நாளை எஞ்சுவன இத்தகைய பொருட்களே. துருவை நீக்குவதாக எண்ணி உப்புத்தாள் கொண்டு தேய்ப்பவர் எழுத்தையும் எண்ணையும் சேர்த்தே தேய்த்துவிடுகிறார். கல்வெட்டைச் சுண்ணாம்பு பூசி மறைப்பதற்கும் இதற்கும் வேறுபாடில்லை.