அச்சிட்ட மின்சுற்றுப் பலகையும் அளவின் வரலாறும்

தொழினுட்ப வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கண்டுபிடிப்பாளரின் மேதைமையையே போற்றுவர். கண்டுபிடிப்பொன்று பலர் பயிலும் தொழிலாக மாறுகையில் எழும் சிக்கல்கள் அவர்தம் கவனத்தைப் பெறுவது அரிது. அச்சிட்ட மின்சுற்றுப் பலகையின் வரலாற்றை அக்கோணத்தில் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1930களில் வானொலிப் பெட்டியின் இணைப்புகள் ஒவ்வொன்றும் தொழிலாளரின் கையாற் பற்றவைக்கப்பட்டன. வியன்னாவிற் பிறந்த யூதப் பொறியியலாளரான போல் ஐஸ்லர் 1936இல் பிரித்தானியா சென்றார். அச்சுத்தொழிலை அறிந்திருந்த அவர், மின்கடத்தாப் பலகையில் ஒட்டிய செப்புத்தகட்டிற் சுற்றினைப் பதித்து, வேண்டாத செப்பை அரித்து நீக்கும் முறையை வகுத்து, 1943இற் காப்புரிமை கோரினார். எனினும், அச்சிட்ட சுற்றுக்களுக்குப் பெருந்தேவையை உருவாக்கியது போரே. இலக்கை அண்மித்ததும் வெடிக்கும் குண்டுகளின் வெடிதூண்டிகளில் அமெரிக்கா அவற்றைப் பயன்படுத்திற்று. போரின் பின்னரே இத்தொழினுட்பம் மக்களின் வானொலிக்கு வந்தது.

கணினி வருமுன் பலகையின் வரைபடம் கையாலேயே ஆக்கப்பட்டது. படவரைஞர் ஒளிபுகும் பிலிமில் கறுப்பு நாடாக்களை உண்மை அளவின் இருமடங்கிலோ நான்குமடங்கிலோ ஒட்ட, அது புகைப்பட முறையாற் சுருக்கப்பட்டது. உறுப்பொன்றின் கால்கள் பொருந்தவேண்டிய செப்புத்திட்டுகளின் அமைப்பே அதன் பாதத்தடம் ஆகும். 1964இல் வெளிவந்த இருவரிசைக் கால்களுடைய ஒருங்கிணைந்த சுற்று உறையிற் கால்களின் இடைவெளி அங்குலத்தின் பத்திலொன்று, அதாவது 2.54 மில்லிமீற்றர். இதனை 2.5 எனக் கொண்டால், வரிசைக்கு இருபது கால்களுடைய உறையில் 19 இடைவெளிகளின் பிழை சேர்ந்து 0.76 மில்லிமீற்றராகிவிடும், கால்கள் துளைகளுட் புகா.

அங்குலமும் மீற்றரும் அருகருகே நிலவியமை வேறு குழப்பங்களையும் விளைவித்தது. 0603 என்னும் குறியீடு அங்குல முறையில் 1.6 × 0.8 மில்லிமீற்றர் உறுப்பையும், மீற்றர் முறையில் 0.6 × 0.3 மில்லிமீற்றர் உறுப்பையும் குறிக்கும். புறத்தோற்றத்தில் ஒத்த ஐரோப்பிய பிசி547, அமெரிக்க 2என்3904 ஆகிய ரான்சிஸ்ரர்களின் காலொழுங்கோ ஒன்றுக்கொன்று தலைகீழானது. இத்தகைய வேறுபாடுகளுக்கு ஒழுங்கு காணும் முயற்சிகளுள் 2005இன் ஐ.பி.சி. 7351 நியமம் குறிப்பிடத்தக்கது.

வடிவமைப்புக் கருவிகள் நெடுங்காலம் பணம்படைத்த நிறுவனங்களின் உடைமையாகவே இருந்தன. 1992இற் பிரான்சில் ஷோன் பியர் ஷராஸ் தொடங்கிய கிகாட் என்னும் மென்பொருள் இந்நிலையை மாற்ற உதவிற்று. யாவரும் கட்டணமின்றிப் பெற்று, திருத்தியும் பகிரக்கூடிய கருவி அது. ஆயின், கருவி பொதுவுடைமையானதும் அறிவும் பொதுவுடைமையாகிவிட்டதெனக் கொள்ளலாகாது. மென்பொருளின் விதிச்சோதனை, வரைந்த கோடுகள் தம்முள் முரண்படுகின்றனவா என்பதையே காணும். நூலகத்திலிருந்து எடுத்த பாதத்தடம் கையிலுள்ள உறுப்புக்குரியதா என்பதை அது அறியாது. ஆகவே, பயிலுநர் உற்பத்தியாளரின் அளவுப்படத்தை நோக்கி, அது மேலிருந்து வரையப்பட்டதா கீழிருந்து வரையப்பட்டதா எனத் தெளிந்து, வடிவமைப்பை உண்மை அளவிற் காகிதத்தில் அச்சிட்டு, உறுப்பை அதன்மேல் வைத்துப் பார்த்தல் வேண்டும்.

படவரைஞர் கையாற் செய்த சரிபார்ப்பு இன்று பயிலுநரின் பொறுப்பாகியுள்ளது. பிறர் ஆக்கிய அறிவை இவ்வாறு அளந்து ஏற்கும்போதுதான் அது நம் உழைப்பின் உடைமையாகின்றது.